வில்லை வளைத்துச் சீவும் வேலைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் செம்பனைத் தோட்டத்து ஓரமாக மண்டிக் கிடக்கும் பெத்தாய் பெலாலாங்கை, அதாவது தமிழகத்தார் சவுண்டல் அல்லது சூபாபுல் என்னும் மரத்தை, வெட்டிக் காயவைத்து என் முதல் மரவில்லைச் செய்துகொண்டிருக்கிறேன். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து பரவிய அதை ஆட்டுத் தழைக்கு மேல் இங்கே யாரும் மதிப்பதில்லை. வேலை பாதியில் இருக்கும்போது, ஆங்கிலத்தில் 'டில்லரிங்' எனப்படும் கட்டத்துக்குத் தமிழ்ச்சொல் அகப்படவில்லை. அகராதி தரும் சுக்கான் பிடியும் உழவு எந்திரமும் இதற்கு உதவா.

இதற்கு ஈடாக முன்னர் இங்கே ஒருவர் சொன்ன 'சமனாக்கம்' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. இரு பாதிகளையும் ஒரே அளவாக்குவது இதன் நோக்கமன்று. கீழ்ப்பாதியைச் சற்று விறைப்பாக விடுவதே பலரின் வழக்கம். நாண் கட்டி வில்லைச் சிறிது சிறிதாக இழுத்து, எந்த இடம் வளையாமல் முரண்டுகிறதோ அந்த இடத்தில் மட்டும் வயிற்றுப்புறத்தில், அதாவது வில்லாளியைப் பார்த்த பக்கத்தில், மெல்லச் சீவி, மறுபடியும் இழுத்துப் பார்ப்பதே அந்த வேலை. முதுகுப்புறத்தைத் தொடுவதில்லை, இழுவிசையைத் தாங்கும் அந்த நார் அறுந்தால் வில் முறியும். விறைப்பு தடிமனின் மும்மடியைப் (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது என்பதால், தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பில் ஏறக்குறைய 27 விழுக்காடு போய்விடுகிறது. என் வில்லின் மேற்பாதியில் விழுந்திருக்கும் பள்ளம், இந்தக் கணக்கை அறியாமல் பாராங் என்னும் வெட்டுக்கத்தியை ஓட்டியதன் பலன்.

ஆகவே 'வணக்கிழைப்பு' என்று முன்மொழிகிறேன். வணக்குதல் என்றால் வளைத்தல். பகைவரின் பணிவான பேச்சை நம்பாதே என்னும் 827ஆம் குறளில் 'வில்வணக்கம்' அந்தப் பொருளிலேயே நிற்கிறது. கும்பிடும் பொருள் குறுக்கிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் குறளே சொல்வணக்கத்தையும் வில்வணக்கத்தையும் அருகருகே வைத்துத்தான் பேசுகிறது.

*

தம்பிக்கு,

'வணக்கு' சரி, 'இழைப்பு'தான் இடறுகிறது. தச்சுவேலை செய்த எனக்கு இழைப்பு என்றால் இழைப்புளி ஓட்டிப் பலகையை மட்டமாக்குவது. நீங்கள் தேடுவதோ மட்டமன்று, வளைவு. 'சுரண்டல்' பொருந்தும், ஆனால் தோட்டத்து மக்களிடம் அதைச் சொன்னால் கூலிப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்வார்கள். 'வணக்குச்சீவல்' என்று வைத்துப் பார்க்கலாமே; நீங்களே மேலே 'மெல்லச் சீவி' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.