வேறு கார் வீல் மாட்டினேன், 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

நாலுசக்கரம்:
ஹோண்டா சிட்டியில் கழற்றிய கம்பெனி அலாய் வீல் நான்கை என் பழைய ஐ20-இல் மாட்டினேன். இரண்டுக்கும் பிசிடி 4×100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு நட் துளை) என்பதால் சிக்கல் இல்லாமல் ஏறிவிட்டன. ஆனால் 80 தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது, 100-க்கு மேல் கொஞ்சம் அடங்குகிறது. இரண்டு தடவை பேலன்சிங் செய்தாயிற்று, மெஷின் சைபர்தான் காட்டுகிறது. வெர்னியரில் அளந்தால் வீலின் நடு ஓட்டை 56.1 மி.மீ., அதற்குள் நுழையும் காரின் ஹப் முனை 54.1. இந்த 2 மி.மீ. இவ்வளவு படுத்துமா?

கடைசல்காரன்:
படுத்தும். பேலன்சிங் மெஷின் அந்த நடு ஓட்டையில் கூம்பைச் செருகித்தான் மையம் பிடிக்கிறது, அதனால் அங்கே குறை தெரியாது. காரில் ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவே சுற்றிலும் 1 மி.மீ. சும்மா கிடக்கிறது. வீல் தன் எடையில் கீழே இறங்கி நிற்கும்போதே நட்டை முறுக்கிவிடுகிறோம். 56.1-க்கு 54.1 என்று சொல்லி ஸ்பிகாட் ரிங் வாங்குங்கள், அந்த இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் வளையம்தான் அது. மாட்டும் முன் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிங் உட்காராது.

ஸ்டெப்னி:
பிளாஸ்டிக் ரிங்கா? கார் எடையை எப்படித் தாங்கும்?

கடைசல்காரன்:
அது எடை தாங்க வேண்டியதே இல்லை. நட் இறுகியதும் வீலின் முகமும் ஹப்பின் முகமும் ஒன்றையொன்று கவ்வும், அந்தப் பிடிதான் எல்லாம். மாட்டும்போது மையம் காட்டுவதோடு ரிங் வேலை முடிந்தது. மலைப்பாதையில் அடிக்கடி பிரேக் சூடேறும் என்றால் அலுமினியம் வாங்கலாம்.

அது இருக்கட்டும், என்ன நட் போட்டிருக்கிறீர்கள்? ஹோண்டா கம்பெனி வீலில் நட் உட்காரும் குழி உருண்டை. ஐ20 நட்டின் முனை கூம்பு. இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் முனகாமல் ஏறிவிடும், ஆனால் குழியில் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும். எனக்கு ரிங்கை விட இதுதான் பயம். முதலில் அதைப் பாருங்கள், அதுவரை வேகம் வேண்டாம்.

நாலுசக்கரம்:
கழற்றிப் பார்த்தேன். பழைய ஐ20 நட்டேதான். குழிக்குள் மெல்லிய வளையம் ஒன்று மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இடது முன் வீலில் ஒரு நட், ஸ்பேனர் வைத்த உடனே சுழன்றுவிட்டது. வயிறு கலங்கிவிட்டது, போங்கள்.

நான்கு ரிங், பதினாறு உருண்டை முனை நட் வாங்கிவிட்டேன். வீல் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதே எதிரெதிராகக் கையால் முறுக்கி, கீழே இறக்கியபின் டார்க் ரெஞ்சில் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். இப்போது 90-இல் ஒரு விரலால் ஸ்டியரிங் பிடிக்கலாம். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறேன்.

ஸ்டெப்னி:
என் பெயருக்காகவாவது ஒன்று கேட்கிறேன். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி ஐ20-இன் இரும்பு வீல்தானே?

நாலுசக்கரம்:
ஐயோ, ஆமாம். அதற்குக் கூம்பு நட்தான் வேண்டும். பழைய நட்டைக் குப்பையில் போட இருந்தேன். நான்கை எடுத்துப் பையில் கட்டி ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.