கலிபோர்னியா: வாக்குச்சீட்டு வந்துவிட்டது, ப்ரொபோசிஷன் புத்தகம் வரவில்லை. என்ன செய்வது?

மீனா_சான்ஹோசே (அக்டோபர் 2024)
போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. நவம்பர் 5 எனக்கு முதல் தேர்தல். வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. அதிபர், செனட்டர் எல்லாம் சரி. அப்புறம் 2 முதல் 6 வரை, 32 முதல் 36 வரை என்று பத்து ப்ரொபோசிஷன், அதாவது மாநில அளவில் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முன்மொழிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) அனுப்பிய புத்தகத்தில் மாதிரிச் சீட்டும், மெஷர் என்னும் உள்ளூர் முன்மொழிவுகளும்தான் இருக்கின்றன. ஆபீஸில் மற்றவர்களுக்கு இன்னொரு புத்தகமும் வந்திருக்கிறது. என் பதிவில் ஏதும் தவறா? புரியாமல் ஓட்டுப் போட மனம் வரவில்லை.

செல்வம்_ஃப்ரீமான்ட்
பயப்படாதீர்கள். பதிவு இல்லாவிட்டால் சீட்டே வந்திருக்காது. நீங்கள் தேடுவது மாநிலப் புத்தகம். அதைக் கவுன்டி இல்லை, மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் அனுப்புகிறது. தேர்தலுக்கு 40 நாள் முன்பு தொடங்கி, 21 நாள் இருக்கும்போதே அனுப்பி முடித்துவிடுவார்கள். செலவைக் குறைக்க ஒரு வீட்டுக்கு ஒரு பிரதிதான். உங்கள் வீட்டில் வேறு யாருக்கு ஓட்டு இருக்கிறது? அவர்கள் பெயருக்கு வந்திருக்கும். காகிதம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் தபாலில் வராது. இல்லையென்றால் நூலகத்தில் கேளுங்கள், மாநிலச் செயலர் இணையதளத்திலும் முழுதாக இருக்கிறது.

மீனா_சான்ஹோசே
அண்ணா, கிடைத்துவிட்டது! கொழுந்தனார் பெயருக்கு வந்திருக்கிறது. அவர் விளம்பரக் கட்டு என்று நினைத்துப் பழைய பேப்பர் பெட்டியில் போட்டிருக்கிறார். அட்டையில் காபிக் கறை, உள்ளே பத்திரம். ஆனால் 33-ஐ இரண்டு முறை படித்தும் தலை சுற்றுகிறது.

கமலா_ஓக்லாந்து
மீனா, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். முன்னால் சுருக்கப் பக்கங்கள் உண்டு: ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும் என்று இரண்டு பெட்டி. 33-க்கு ஆம் என்றால், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டில் நகர, கவுன்டி அரசுகளின் கையைக் கட்டும் 1995-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் போய்விடும். இல்லை என்றால் அது அப்படியே இருக்கும். அவ்வளவுதான்.

அடுத்து சட்டமன்ற ஆய்வாளர் எழுதிய பகுதி. எந்தக் கட்சியையும் சாராத அலுவலகம், அரசுக்கு எவ்வளவு செலவு என்பதையும் சொல்லும். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைக் கடைசியில் படியுங்கள். அவை தரப்பினரே எழுதியவை, எந்த அலுவலகமும் சரிபார்க்கவில்லை என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் 20 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், பொய் இருந்தால் வாக்காளர் யாரும் நீதிமன்றம் போகலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு.

புத்தகம் இந்தியில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்கிறேன். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் எனக்கே புரிகிறது.

மீனா_சான்ஹோசே
33 தெளிந்துவிட்டது அக்கா, நன்றி. அடுத்து 34. கொழுந்தனாரும் இன்னும் ஓட்டுப் போடவில்லையாம், புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறேன்.