மான் வேட்டைக்கு 2 அங்குல அம்பு முனைதான் வேண்டுமா?

பரண்காரன்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "வெள்ளைவால் மானுக்கு 2 அங்குலம் விரியும் மெக்கானிக்கல் முனைதான். ஃபிக்ஸட் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மெக்கானிக்கல் என்றால் பட்டதும் அலகு, அதாவது வெட்டும் கத்தி, விரிகிற முனை; ஃபிக்ஸட் என்றால் அலகு அசையாத முனை. அலகு விரிய விசை எங்கிருந்து வருகிறது? அம்பிடமிருந்துதான். மான் மேல் பட்டதுமே அம்பு தன் பலத்தில் ஒரு பங்கை இழக்கிறது. விலா எலும்பு அதற்கு அப்புறம்தான்.

ஓஹையோ வில்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். என் வில்லை இழுக்க 70 பவுண்டு விசை வேண்டும். 400 கிரெயின் எடையுள்ள அம்பு, நொடிக்கு 270 அடி வேகம். கணக்குப் போட்டால் சுமார் 65 அடி-பவுண்டு ஆற்றல் வருகிறது. விரிவதற்குக் கொஞ்சம் செலவானால் என்ன? அம்பு மறுபக்கம் வந்து மண்ணில் குத்தி நிற்கிறது. ரத்தத் தடம் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

பரண்காரன்:
எல்லாரும் 70 பவுண்டா இழுக்கிறார்கள்? என் மனைவி இழுப்பது 45. அதே அம்பு அவள் வில்லில் நொடிக்கு 200 அடி வேகத்தில் போனால் 35 அடி-பவுண்டுதான் தேறும். அதிலும் விரிவதற்குப் பங்கு கொடுக்கச் சொல்கிறீர்களா? மிச்சிகன் சட்டமே முனை 7/8 அங்குல அகலம் இருந்தால் போதும் என்கிறது.

ஓஹையோ வில்:
சட்டம் சொல்வது குறைந்தபட்சம், அண்ணே. பரீட்சையில் பாஸ் மார்க் வாங்கிவிட்டு மார்தட்டக் கூடாது.

கனத்த அம்பு:
வேட்டை அம்புகளை ஆராய்ந்த எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் சோதித்துப் பார்த்தாரே! கனமான அம்பு, எலும்பில் உடையாத முனை. 650 கிரெயினுக்குப் போங்கள், இந்தச் சண்டையே வராது.

ஓஹையோ வில்:
ஆஷ்பி பார்த்தது ஆப்பிரிக்காவின் பெரிய விலங்குகளை. நாம் பேசுவது மானை. 650 கிரெயின் அம்பு 30 கஜத்துக்குள் எவ்வளவு இறங்கும் என்று எய்து பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, ஃபிக்ஸட் முனை பயிற்சி முனை போகும் இடத்துக்கா போகிறது?

பரண்காரன்:
போகாவிட்டால் அது வில்லின் குற்றம். காகிதத்தை மாட்டி அதன் வழியே எய்து பாருங்கள். கிழிசல் ஒரு பக்கம் இழுத்தால் வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டை நகர்த்துங்கள். வில்லைச் சரிசெய்யச் சோம்பல், அதற்கு ஒரு மெக்கானிக்கல்! கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: விரிய விசை எங்கிருந்து வருகிறது?

ஓஹையோ வில்:
போன நவம்பரில் உங்கள் மானை இரண்டு நாள் சேற்றில் தேடினோமே, நினைவிருக்கிறதா? அது ஃபிக்ஸட் முனைதான். 2 அங்குலம் வெட்டியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

பரண்காரன்:
அது குடலில் பட்டது. தப்பு என் கையுடையது, முனையுடையது இல்லை. அன்றே உங்களிடம் சொன்னேன். அதைச் சபையில் இழுப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

கனத்த அம்பு:
நானும்தான் அன்று தேட வந்தேன். என் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஓஹையோ வில்:
நீங்கள் வந்தது இரண்டாம் நாள் மதியம். அதுவும் துப்பாக்கிபோல் விசையிழுத்து எய்கிற க்ராஸ்போவோடு.

கனத்த அம்பு:
க்ராஸ்போ வைத்திருந்தால் வேட்டைக்காரன் இல்லையா? எனக்குத் தோள்பட்டை அறுவை சிகிச்சை ஆனது உங்களுக்குத் தெரியும்.

பரண்காரன்:
க்ராஸ்போவைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒன்றுதான். கோணலாகத் திரும்பி நிற்கிற மான், விலாவில் சாய்ந்து படுகிற அம்பு. ஓர் அலகு முதலில் தொட்டு விரிந்தால் அம்பு எந்தப் பக்கம் திரும்பும்?

ஓஹையோ வில்:
கோணலாக நின்றால் நான் எய்வதில்லை. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பேன். 2 அங்குலம், அண்ணே. 2 அங்குலம்.

பரண்காரன்:
சனிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். மனைவியின் 45 பவுண்டு வில், உங்கள் முனை, இறைச்சிக் கடையிலிருந்து ஒரு விலாப் பலகை. விசை எங்கிருந்து வருகிறது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஓஹையோ வில்:
என் வில்லைக் கொண்டுவருகிறேன். அதில் எய்வதாக இருந்தால் வருவேன்.