அந்தத் தோல்விக்குப் பிறகு கோச் என்ன மாற்றினார்?

நான்காம் டவுன்:

கோச்சைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று முடித்துவிடுகிறோம். இந்தத் திரியில் அது வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலோ (பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க வகை) பாஸ்கெட்பாலோ, ஒரு ஆட்டத்தை எடுங்கள். எந்த முடிவில் அது கை நழுவியது, பிறகு அதே கோச் எதை மாற்றினார் அல்லது எதை மாற்றாமல் முரண்டு பிடித்தார், அதை எழுதுங்கள். சொந்தக் கதையும் டிக்கெட் விலைப் புலம்பலும் வேறு திரியில். முதல் ஓவரை நானே போடுகிறேன்.

2024 நவம்பர் 30, கொலம்பஸ். மிஷிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. ஒஹாயோ ஸ்டேட் அன்றைக்கு ஒரே ஒரு தோல்வியோடு தரவரிசையில் 2ஆம் இடம். மிஷிகன் 6 வெற்றி, 5 தோல்வி. மிஷிகனின் முதன்மை கார்னர்பேக் (பாஸ் பிடிக்க ஓடுபவரை மறிப்பவர்) வில் ஜான்சனும் டைட் எண்ட் (பிளாக் செய்து பாஸும் பிடிப்பவர்) கோல்ஸ்டன் லவ்லண்டும் ஆடவே இல்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் பாஸில் எடுத்தது 62 யார்டு, கொடுத்தது 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). இப்படி ஆடிய அணியிடம் போய்த் தோற்றார்கள்.

ஒஹாயோ ஸ்டேட் கோச் ரையன் டே, பாஸ் போடாமல் பந்தோடு ஓடியே தீருவேன் என்று நின்றதுதான் காரணம். 26 ரன் (பந்தோடு ஓடிய பிளே), 77 யார்டு. ரன்னுக்கு 3 யார்டு கூட முழுசாக இல்லை. 10 யார்டு போகக் கிடைப்பது நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி, நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். மூன்று டவுன் ஓடினாலும் 9 யார்டுதான், வேண்டியது 10. கணக்கு அங்கேயே இடிக்கிறது.

அந்த 3 யார்டுக்கும் காரணம் உண்டு. முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐவர்தான் லைன்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். அதில் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஓரிகான் ஆட்டத்தில் முழங்கால் போய் வெளியேறியவர். சென்டர் செத் மெக்லாக்லினுக்கு நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்தது. டோனவன் ஜாக்சனை கார்டிலிருந்து டாக்கிளுக்குத் தள்ளி, சென்டரில் கார்சன் ஹின்ஸ்மனைப் போட்டு ஒட்டுப்போட்ட லைன் அது. எதிரே நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்டும். 2025 என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) இருவருமே முதல் ரவுண்டில் போனவர்கள். அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தார்கள். வெளியே பாஸ் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித்தும் எமேகா எக்புக்காவும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி ஆனது. ஸ்மித்துக்குக் கிடைத்தது 5 கேட்ச், 35 யார்டு. இரண்டாம் பாதியில் ஒரு பாயிண்ட் கூட இல்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? 2021-ல் ஆன் ஆர்பரில் மிஷிகன் இவர்களை 297 யார்டு ஓடி நொறுக்கியது, ஹாஸன் ஹாஸ்கின்ஸ் மட்டும் 5 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது). அன்றிலிருந்து ‘மென்மையான அணி’ என்ற பேச்சு டேவைத் துரத்துகிறது. அதைப் பொய்யாக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் தப்பு என்பது என் கணிப்பு.

மூன்றே வாரத்தில், டிசம்பர் 21, அதே மைதானம், பிளேஆஃப் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் போட்டி) முதல் சுற்றில் டென்னசி. இந்த முறை பாஸில் தொடங்கினார்கள். முதல் டிரைவ் (பந்து கையில் இருக்கும் ஒரு தொடர் முயற்சி) 5 பிளேயில் முடிந்தது, ஸ்மித்துக்கு 37 யார்டு டச்டவுன். முதல் குவார்ட்டரிலேயே 21-0, கடைசியில் 42-17. அடுத்து ரோஸ் பௌலில் ஓரிகானை 41-21, அதில் ஒரு கட்டத்தில் 34-0. டெக்சஸ் 28-14, இறுதியில் நோட்ர டேம் 34-23. லைன் ஏறக்குறைய அதே லைன்தான். பந்தை யார் கைக்கு முதலில் அனுப்புவது என்பதுதான் மாறியது.

அந்த வருடம்தான் பிளேஆஃப் 4 அணியிலிருந்து 12 ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய முறையாக இருந்தால், இரண்டு தோல்வியோடு இருந்த இவர்களுக்கு மாற்றிக் காட்ட வாய்ப்பே வந்திருக்காது.

ஹாஷ் மார்க்:

பாதி சரி. டேவின் எண்ணிக்கை தப்பில்லை, எடைபோட்டதுதான் தப்பு. மிஷிகன் சேஃப்டிகள் (கடைசிக் காவல் ஆட்கள்) இருவரையும் பின்னால் நிறுத்தி, முன்னால் ஆளைக் குறைத்துக்கொண்டது. லைனில் 5 பேர், கூட ஒரு டைட் எண்ட், ஆக 6 பிளாக்கர். எதிரே பாக்ஸிலும் (லைனுக்கு நேரே நெருங்கிய பகுதி) 6 பேர் என்றால் ‘ஓடு’ என்றுதான் எந்தப் பாடமும் சொல்லும். ஆனால் அந்தப் பாடம் ஒரு பிளாக்கர் ஒரு ஆளைத் தள்ளுவார் என்ற நம்பிக்கையில் எழுதியது. கிரஹாமைத் தள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தால் 6-க்கு 6 என்பது உண்மையில் 5-க்கு 6. முதல் பாதியிலேயே இது தெரிந்துவிட்டது. இடைவேளையில் மாற்றாததுதான் குற்றம்.

ஒஹாயோ ஸ்டேட் கிக்கர் ஜேடன் ஃபீல்டிங்கின் இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 பாயிண்ட்) தவறியதையும் விட்டுவிட்டீர்கள். இரண்டுமே 40 யார்டுக்குள், தோற்றதோ 3 பாயிண்டில். மிஷிகனின் டாமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒன்று அடித்தார். பிறகு 45 வினாடி மீதி இருக்கும்போது 21 யார்டில் வெற்றிக் கோல்.

பொதுவாகவே கல்லூரி கிக்கர்களைத் திட்டுவதற்கு முன் ஹாஷைப் பாருங்கள், ஒவ்வொரு பிளேயும் அந்த இரண்டு கோட்டு வரிசைகளுக்குள்தான் தொடங்கும். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் இரண்டு ஹாஷ் வரிசைகளுக்கும் நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கோல்போஸ்ட்டின் அகலமும் இரண்டு இடத்திலும் அதே 18 அடி 6 அங்குலம்தான். ஆக, ப்ரோ கிக்கருக்குப் பந்து எப்போதும் இரண்டு கம்பங்களின் நேருக்குள்ளேயே வைக்கப்படுகிறது. கல்லூரியில் ஹாஷில் வைத்தால் பக்கத்துக் கம்பத்துக்கு 10 அடி 9 அங்குலம் வெளியே. 34 யார்டு கிக்கில் கம்பங்களின் நடுவைக் குறிவைக்கச் சுமார் 11 டிகிரி கோணம். அதனால் ஃபீல்ட் கோல் தூரத்துக்குள் வந்தபின், மூன்றாம் டவுனில் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து வைக்கும் கோச்சைப் பார்த்தால் மதியுங்கள்.

இன்னொன்று. அக்டோபர் 12, யூஜீன், ஓரிகான் 32, ஒஹாயோ ஸ்டேட் 31. கடைசி 10 வினாடி, ஒஹாயோ ஸ்டேட் கையில் பந்து. ஓரிகான் 12 பேரை இறக்கியது. அபராதம் 5 யார்டு, ஆனால் அந்தப் பிளேயில் 4 வினாடி கரைந்துவிட்டது. மீதி 6. அடுத்த பிளேயில் வில் ஹவர்ட் ஓடிச் சறுக்கும்போது மணி முடிந்தது. வேண்டுமென்றேதான் செய்தார்கள் என்பதை டான் லானிங் பிறகு மறைக்கவும் இல்லை. சில நாளிலேயே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விளக்கம் வந்தது, இனி இப்படிச் செய்தால் எதிரணி கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பழைய நேரத்துக்கே திருப்பலாம் என்று. விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கிற ஆள் ஒருவர் பெஞ்சில் இருந்தால் ஒரு டச்டவுனுக்குச் சமம்.

பெயின்ட் ஏரியா:

பாஸ்கெட்பாலுக்கு வருகிறேன். பர்டியூ, அதன் கோச் மேட் பெயின்டர்.

2023 மார்ச், தேசியப் போட்டியின் முதல் சுற்று. 1ஆம் சீட் (பலத்தின்படி 1 முதல் 16 வரை தரும் இடம்) பர்டியூ, 16ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 தோல்வி. நாட்டிலேயே உயரம் குறைந்த அணி, 7 அடி 4 அங்குல ஸாக் ஈடியை எப்படி அடக்கியது? அடக்கவில்லை. அவர் 21 பாயிண்ட், 15 ரீபவுண்ட் எடுத்தார். பந்தை அவரிடம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஈடிக்கு முன்னால் நிற்பார், இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொள்வார். பந்தை மேலே தூக்கிப் போட்டால் பின்னால் இருப்பவர் கை வைப்பார். அந்த இரண்டாவது ஆள் யாரை விட்டுவிட்டு வந்தாரோ, அந்த ஷூட்டர் காலியாக நிற்பார். ‘போடு பார்க்கலாம்’ என்று விட்டார்கள். பர்டியூ போட்டது 26 த்ரீ (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் 3 பாயிண்ட் ஷாட்), விழுந்தது 5. டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழந்தது) 16. பந்தைக் கொண்டுவரும் கார்டுகள் பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெச்சர் லோயரும் முதல் வருட மாணவர்கள், முழு மைதானப் பிரஸ்ஸுக்கு (மைதானம் முழுக்க நெருக்கும் டிஃபென்ஸ்) மூச்சு வாங்கியது.

பெயின்டர் ஈடியை மையமாக வைத்த ஆட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்து அதை மட்டும் அடைத்தார். சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் வந்தார். பந்தைக் கொண்டுவர இன்னொரு கை, பிரஸ்ஸை உடைக்க இன்னொரு கால். மற்ற இருவருக்கும் ஒரு வயது கூடியது. த்ரீ சதவீதம் 40-ஐத் தொட்டது. 1969-க்குப் பிறகு முதல் முறையாக இறுதி ஆட்டம்.

அந்த இறுதி ஆட்டம் (2024 ஏப்ரல் 8, கிளெண்டேல்) ஒரு பாடம். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 75, பர்டியூ 60. யூகான் கோச் டான் ஹர்லி, ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர் எதிர் செய்தார். ஈடிக்கு இரண்டாவது ஆளே அனுப்பவில்லை. 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கன் தனியாக. அவர் மூச்சு வாங்கினாலோ ஃபவுல் ஏறினாலோ சாம்சன் ஜான்சன். மற்ற நால்வரும் அவரவர் ஆளோடு ஒட்டிக்கொண்டார்கள். எவ்வளவு ஆசை காட்டினாலும் உள்ளே இறங்கி உதவ வரவில்லை. ஈடி 25 ஷாட்டில் 15 போட்டு 37 பாயிண்ட் எடுத்தார். மற்ற எல்லோரும் சேர்ந்து 23. பர்டியூ முயன்ற த்ரீ மொத்தமே 7, விழுந்தது 1.

கவனியுங்கள்: த்ரீ ‘தவறவில்லை’, போடவே விடவில்லை. எதிரணி த்ரீ போட்டுத் தவறினால் அதில் பாதி அதிர்ஷ்டம். போடவே முடியாமல் போனால் அது கோச்சிங். ஒரு டிஃபென்ஸை மதிப்பிடுகிறவர்கள் சதவீதத்தைப் பார்ப்பதைவிட முயற்சி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

பெஞ்ச் கடைசி:

பெயின்ட் ஏரியா சார், நல்ல அலசல். ஆனால் இப்படிச் செய்ய 7 அடி 2 அங்குலம் வேண்டும். கிளிங்கன் இல்லாத கோச் இதைக் காப்பி அடித்தால் ஈடி 37-க்குப் பதில் 57 போடுவார். கோச்சுக்கு முழுப் பெருமையும் போகவேண்டாம், ஆளைச் சேர்த்ததிலும் பாதி இருக்கிறது.

வேகத்தடை:

அதே கேள்விக்கு இன்னொரு கோணம்: வர்ஜினியா, 2024-ல் ஓய்வு பெற்ற அதன் கோச் டோனி பென்னட்.

அவருடைய பேக் லைன் டிஃபென்ஸ் தெரியாதவர்களுக்கு: வளையத்திலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார், மற்ற நால்வரும் கோட்டுக்கு உள்ளே. டிரைவ் பண்ண இடைவெளியே இருக்காது. பந்து வேறு கைக்குப் பறக்கும்போதே, அந்த ஆளுக்குரியவர் கோட்டைத் தாண்டி ஓடி, கையை உயர்த்தி, குறுகிய அடி வைத்து நிற்க வேண்டும். நீண்ட அடி வைத்துப் பாய்ந்தால் பம்ப் ஃபேக்கில் (ஷாட் போடுவதுபோல் ஏமாற்றுவது) பறந்துபோவார். இதுதான் பலரும் செய்யும் தப்பு. பந்து போய்ச் சேர்ந்தபிறகு ஓடினால் தாமதம்.

இதோடு மெதுவான ஆட்டம். 30 வினாடி ஷாட் கிளாக்கை உறிஞ்சி எடுப்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு அணிக்கு 60 வாய்ப்பு போலத்தான். பலசாலிக்கு இது ஆபத்து. வாய்ப்பு குறையக் குறைய பலவீனமான அணிக்குத்தான் லாபம், நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டுவதற்கும் நூறு தடவை சுண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

2018 மார்ச்: யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) 74, வர்ஜினியா 54. ஆண்கள் போட்டியில் 1ஆம் சீட் 16ஆம் சீட்டிடம் தோற்றது அதுவே முதல் முறை. வர்ஜினியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு உடைந்து ஆடவில்லை. பாதியில் 21-21. இரண்டாம் பாதியில் யுஎம்பிசி 53 பாயிண்ட். கோட்டுக்குள் உட்கார்ந்த டிஃபென்ஸுக்கு மேலே த்ரீயாகப் பொழிந்தார்கள். பின்தங்கியதும் வர்ஜினியாவுக்கு வேகமாக ஆடவே தெரியவில்லை.

டிஃபென்ஸை பென்னட் கைவிடவில்லை. அஃபென்ஸில்தான் கை வைத்தார். ஸ்க்ரீன் (எதிராளியை மறித்து நிற்பது) சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் பழைய ஆட்டத்தோடு, பால் ஸ்க்ரீனை (பந்து வைத்திருப்பவருக்காக மறிப்பது) அடுத்தடுத்து வைக்கும் செட்களை அதிகமாக்கினார். டை ஜெரோம் கையில் பந்து, ஷூட்டர் கைல் கை (Kyle Guy) மூலையில். 2019-ல் ஆபர்னை 63-62, இறுதியில் டெக்சஸ் டெக்கை ஓவர்டைமில் 85-77. ஹன்டர் 27 பாயிண்ட். அதிர்ஷ்டம் இல்லையா என்றால், இருந்தது. ஆபர்ன் ஆட்டத்தில் 0.6 வினாடி மிச்சம் இருக்கும்போது கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. மூன்றையும் போட்டார்.

ஒன்-அண்ட்-ஒன்:

மாற்றத் தேவையே இல்லாத கோச் ஒருவர்: ஹூஸ்டன், கெல்வின் சாம்சன். 2025 ஏப்ரல் 5, அரையிறுதி, டியூக் 35 வினாடி மீதி இருக்க 6 பாயிண்ட் முன்னிலை. ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் த்ரீ. உடனே இன்பௌண்ட் பாஸை (வெளியிலிருந்து உள்ளே போடும் பந்து) ஹூஸ்டன் பறித்தது, அடுத்துப் போட்ட த்ரீ தவற, ஜோசப் டக்ளர் அதைப் பிடித்து டங்க். வித்தியாசம் ஒரு பாயிண்ட். டியூக்கின் டைரிஸ் ப்ராக்டர் ஒன்-அண்ட்-ஒன் ஃப்ரீ த்ரோவில் முதலாவதையே தவறவிட்டார். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் 7 முதல் 9 வரையான ஃபவுலுக்கு இந்த விதி, முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது. அந்த ரீபவுண்டில் டியூக்கின் கூப்பர் ஃப்ளாக் ஃபவுல் செய்தார், ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸ் இரண்டும் போட்டார். 70-67. முழு நேரமும் பிரஸ் பழகிய அணிக்குத்தான் இது வரும், கடைசி நிமிடத்தில் புதிதாக இறங்கினால் ஃபவுல்தான் மிஞ்சும்.

இரண்டு நாள் கழித்து இறுதியில் ஃப்ளோரிடாவிடம் 65-63 தோல்வி. வால்டர் கிளேட்டனை முதல் பாதியில் பூஜ்யத்தில் வைத்தார்கள், இரண்டாம் பாதியில் 12 பாயிண்ட் முன்னிலையும் இருந்தது. கடைசிப் பிளேயில் ஷார்ப் த்ரீக்கு எழும்பினார், கிளேட்டன் பாய்ந்து வந்தார். போட்டால் பிளாக், பிடித்தபடி இறங்கினால் டிராவல் (பந்து எதிரணிக்குப் போகும் விதிமீறல்). பந்தைக் கீழே விட்டார். அதைத் தானே முதலில் தொட்டாலும் டிராவல்தான், அதனால் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் தரையில் விழுந்து அணைத்துக்கொண்டார். ஷாட்டே போகாமல் முடிந்த இறுதி ஆட்டம். எழும்புவதற்கு முன் ஒரு பம்ப் ஃபேக், ஒரு பக்க டிரிபிள், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நான்காம் டவுன்:

ஹாஷ் மார்க், 5-க்கு 6 கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். டிவியில் சேஃப்டி தெரியாதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி: ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளே தொடங்குவது) முன் பாக்ஸில் தலையை எண்ணுங்கள், 6 அல்லது அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் பின்னால் இருவர். பிறகு பந்தைப் பார்க்காமல் இரண்டு கார்டுகளையும் ஒரு நொடி பாருங்கள். ஒருவரை ஒருவர் தள்ளுகிறார்களா, இருவர் சேர்ந்து ஒருவரிடம் மாட்டிக்கொண்டார்களா என்று. முதல் இரண்டு டிரைவுக்குள் விடை கிடைத்துவிடும். கார்டு 3 யார்டு வரை முன்னே போன பிறகும் பந்து பாஸாகப் பறந்தால் பதற வேண்டாம், கல்லூரியில் அது செல்லும். என்எஃப்எல்லில் 1 யார்டுதான்.