பக்கக் காற்றில் புதிய கயாக்: சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மண்டபம் வடகரை:

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில், மண்டபத்தின் பாக் விரிகுடாக் கரையில் ஒரு புதிய கடல் கயாக்கை (ஒருவர் அமர்ந்து துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) சோதித்தபோது நிகழ்ந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலாததால் இதை எழுதுகிறேன். 5.2 மீட்டர் நீளமும் 56 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பிளாஸ்டிக் கயாக் அது. சுக்கான் கிடையாது, பின்புறத்து அடியிலிருந்து கம்பியால் இறக்கி ஏற்றும், படகை நேராக ஓடவைக்கும் ஸ்கெக் என்ற தகடு மட்டுமே உண்டு. காற்று 16, 17 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் தென்மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. என் நண்பர் இன்னொரு கயாக்கில் உடன் வந்தார்.

கரைக்கு இணையாக மேற்கே சென்றபோது, ஸ்கெக்கை உள்ளே இழுத்து வைத்திருந்தவரை அணியம், அதாவது படகின் முன்முனை, இடப்பக்கமாகக் காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தது. அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான கடல் கயாக்குகளின் இயல்பே அதுதான். ஸ்கெக்கைக் கால் பங்கு இறக்கியதும் படகு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. பின்காற்றில் எப்படி ஓடுகிறதென்று பார்ப்பதற்காகச் சிறிது தூரம் கடல் பக்கம் திரும்பி, ஸ்கெக்கை முழுவதுமாக இறக்கினேன். கடற்புல் அடர்ந்த ஆழமற்ற மேடொன்றில் அது உரசிய சத்தம் இருக்கைக்கு அடியில் கேட்டது. உடனே ஸ்கெக்கை ஏற்றப் பிடியை இழுத்தேன். பிடி வந்தது, ஸ்கெக் வரவில்லை. உள்ளே கம்பி மடங்கிவிட்டது.

ஸ்கெக் முழுவதும் இறங்கிய நிலையில் சிக்கிக்கொண்ட கயாக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். படகைச் சாய்த்து, அகலமாகத் துடுப்பு வீசி, அணியம் அலையின் உச்சியில் நிற்கும் கணத்தில் தள்ளிப் பார்த்தும், பாதி திரும்பிய பிறகு அது மீண்டும் கடலை நோக்கியே விழுந்தது. நண்பர் சற்று முன்னதாகக் கரைப்பக்கம் போய்விட்டிருந்தார். என் விசில் ஒலி காற்றுக்கு எதிரே அவர் காதுக்கு எட்டவில்லை. ஆகவே பின்னோக்கித் துடுப்பு போடத் தொடங்கினேன். பின்னோக்கிச் செல்லும்போது பின்முனைதான் முன்னே செல்லும் முனை; அது தானாகவே காற்றை நோக்கி நின்றது. அப்படியே முதுகைக் கரைக்குக் காட்டியபடி, விரிந்துகொண்டே போகும் கடலைப் பார்த்துக்கொண்டு கரைக்கு வந்தேன். தலையைத் திருப்பினால் துடுப்பு வீச்சு மாறிப் படகு கோணியதால், கரை நெருங்குகிறதா விலகுகிறதா என்றுகூட நெடுநேரம் பார்க்க முடியவில்லை. அந்த நேரம்தான் என்னை விட்டுப் போகவில்லை. முன்பு துறைமுகத்தின் அமைதியான நீரில் இயக்கிப் பார்த்தபோது அந்தப் பிடி வெண்ணெய்போல் நகர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முத்துநகர்த் துடுப்பு:

என்னுடைய அனுபவம் சிறியது. ஆனால் படகைச் சோதிப்பவர் அறிந்திருக்க வேண்டியது. தூத்துக்குடிக்குத் தெற்கே, காற்று கரைக்குச் சாய்வாக வீசும் ஒரு காலைப்பொழுதில், ஃபைபர் கிளாஸ் கயாக் ஒன்றைச் சோதித்தேன். தொடக்கத்தில் பக்கக் காற்றில் அணியம் பலமாகத் திரும்பியது. நேரம் செல்லச் செல்ல அது படிப்படியாகக் குறைந்து, ஸ்கெக்கைத் தொடாமலேயே படகு நேராகச் சென்றது. கை பழகிவிட்டது, படகும் நல்ல படகு என்று மகிழ்ந்தேன். கரையேறிப் பின்பக்க ஹேட்ச் (பொருள் வைக்கும் அறையின் வாய்) மூடியைத் திறந்தபோது உள்ளே நிறையக் கடல்நீர் நின்றது. பின்பக்கம் கனத்து நீரில் ஆழ்ந்ததால்தான் காற்றால் அதை ஒதுக்க முடியவில்லை. காற்றில் நான் மெச்சிய அந்த நேரோட்டம் முழுவதும் கசிவினால் வந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் மணல்மேல் கிடந்த படகுக்குள் காற்று சூடேறி விரிந்திருந்தது. நீரில் இறக்கியதும் அது குளிர்ந்து சுருங்கி, மூடியின் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சிக்கொண்டது. இதைத் தவிர்க்கத்தான் பல தயாரிப்பாளர்கள் உட்பக்கத் தடுப்புச்சுவரில் ஊசித்துளை போன்ற சிறிய துளை விடுகிறார்கள். நான் சோதித்த படகில் அது இல்லை. நம் ஊர் வெயிலில் இந்தத் துளை இன்றியமையாதது என்பது என் உறுதியான கருத்து. சோதனைக்குப் புறப்படுமுன் ஒவ்வோர் அறைக்குள்ளும் உலர்ந்த பஞ்சு ஒன்றைப் போட்டு மூடுங்கள். திரும்பி வந்ததும் வேறெதையும் பார்ப்பதற்கு முன்பு அதைப் பாருங்கள்.

டொராண்டோ ஏரிக்கரை:

மண்டபம் நண்பருக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். ஆனால் ஸ்கெக் மட்டுமே உள்ள படகை அவர் தேர்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பியால் இயங்கும் ஸ்கெக்கின் பலவீனம் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. வட அமெரிக்காவில் விற்கப்படும் கடல் கயாக்குகளில் பலவற்றிலும் சுக்கான் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கில் புறப்பட்டு, இந்தியக் கரையோரமாகவும் வந்து, 1939இல் ஆஸ்திரேலியாவை அடைந்த ஆஸ்கர் ஸ்பெக்கின் படகும் காலால் இயக்கும் சுக்கான் பொருத்தப்பட்டதே.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கனடாவின் ஹியூரான் ஏரியிலுள்ள ஜார்ஜியன் விரிகுடாவில் சுக்கான் பொருத்திய புதிய கயாக்கை 20 நாட் பின்காற்றில் சோதித்தபோது, அலையின் உச்சியில் பின்முனை நீரை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் சுக்கான் வெறுங்காற்றில் நின்றது. அப்படி எழும்பிய ஒரு கணத்தில் படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு முழு நீளத்தையும் காட்டியது. துடுப்பை நீர்மேல் அழுத்திச் சாய்ந்ததால் கவிழவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் சுக்கானே மேல் என்கிறேன்; அது சிக்கிக்கொண்டாலும் நீருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சிக்கிக்கொள்கிறது, துணைக்கு வருபவர் கையால் தூக்கிவிடலாம்.

இனி, சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது பற்றி. முதலில் காற்றை அளவிடுங்கள். காற்றின் பலத்தை எண்களால் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் 4 என்பது 11 முதல் 16 நாட் வரை. 5 என்பது 17 முதல் 21 நாட் வரை. கடலில் வெள்ளை நுரை ஆங்காங்கே தோன்றினால் 3, பரவலாகத் தோன்றினால் 4 என்று கொள்ளலாம். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 10 நாட்டில் பார்த்ததை வைத்து 20 நாட்டை மதிப்பிடக் கூடாது. அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. அடுத்ததாக, துடுப்பைத் தூக்கிவிட்டுச் சும்மா உட்காருங்கள். படகு காற்றுக்குக் குறுக்கே நிற்கிறதா, அணியத்தைக் காற்றுப்பக்கம் கொண்டுபோகிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவாகவும், அதன்பின் முழு வேகத்திலும் செலுத்துங்கள். வேகம் கூடும்போது அணியத்தின் இருபுறமும் தள்ளப்படும் நீர் அதை இறுகப் பிடித்துக்கொள்ள, பின்முனை பிடி தளர்ந்த நீரில் தங்கிவிடுவதால், காற்று பின்முனையை மட்டும் ஒதுக்குகிறது. படகு காற்றை நோக்கித் திரும்புவதன் காரணம் இதுவே. ஸ்கெக் இருந்தால் எதிர்க்காற்றுக்கு உள்ளே, பக்கக் காற்றுக்குப் பாதி, பின்காற்றுக்கு முழுவதும் என்று மாற்றிப் பாருங்கள். இவை அனைத்தையும் வெறும் படகில் செய்தபின், 5 லிட்டர் தண்ணீர்க் கேன்களை முன்னறையிலும் பின்னறையிலும் சம எடையாக வைத்து மீண்டும் செய்யுங்கள். 20 லிட்டர் கேன் பெரும்பாலான ஹேட்சுகளின் வழியே நுழையாது. சுமையேற்றிய கயாக் நீரில் தாழ்ந்து, காற்றுக்குக் குறைந்த பரப்பையே காட்டும். வெறும் படகில் மட்டும் சோதித்துவிட்டு ஒரு கயாக்கைக் குறை சொல்வதும் புகழ்வதும் நியாயமல்ல. உடுப்பு விஷயத்தில், எங்கள் ஏரிகளில் வசந்த காலத்து நீர் உயிரைக் கொல்லும் அளவுக்குக் குளிராக இருப்பதால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் நீரின் வெப்பநிலைக்கு ஏற்பவே உடுத்துகிறோம்.

கோவளம் பிற்பகல்:

டொராண்டோ நண்பர் எழுதியவற்றில் பயனுள்ளவை பல உள்ளன. ஆயினும் ஸ்கெக்கா சுக்கானா என்று மண்டபம் நண்பர் கேட்கவே இல்லை. சம எடையாகச் சுமையேற்றிச் சோதிக்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. என் எடை 50 கிலோவைச் சுற்றியே இருக்கும். கடையில் கிடைக்கும் கயாக்குகளில் பெரும்பாலானவை என்னைவிட மிகவும் கனமானவர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் நான் அமர்ந்தால் படகு நீருக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. வேறொருவருக்கு 12 நாட்டில் அமைதியாக ஓடும் படகு எனக்கு அதே காற்றில் அடங்க மறுக்கிறது. ஒரு நாள் மட்டும் கடலுக்குப் போய் வருபவர் எப்போதும் வெறும் படகில்தான் போகிறார். ஆகவே நான் செலுத்தப்போகும் நிலையிலேயே நான் சோதிக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்தது பங்குனி மாதத்து ஒரு பிற்பகலில், கடற்காற்று கரைமேல் ஏறி வீசிய நேரத்தில். கவிழ்ந்தபின் மீண்டும் ஏறிப் பார்ப்பதுதான் அன்றைய சோதனை. தோழி ஒருத்தி கரைப்பக்கமாக, காற்று கொண்டுவரும் வழியில் தன் படகோடு காத்திருந்தாள். நான் வேண்டுமென்றே கவிழ்ந்து, வெளியே வந்து, படகை நிமிர்த்தினேன். நிமிர்ந்த அடுத்த நொடியே காற்று அதை இழுத்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் அணிந்து நீந்துபவரால் காற்றில் ஓடும் வெறும் கயாக்கை எட்டிப் பிடிக்க முடியாது. பின்பக்க மேல்தளத்தின் ஓரக் கயிறு என் கைக்கு அருகே கடந்து சென்றது. தொட்டேன். ஆனால் அந்தக் கயிறு தளத்தோடு ஒட்டி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்ததால் விரல்கள் அதன் அடியில் நுழையவே இல்லை; நகம் மட்டும் உரசியது. படகு போய்விட்டது.

தோழி அதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள், நான் ஏறிக்கொண்டேன், அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் எத்தனையோ மதிப்பீடுகளில் படகின் வேகத்தையும் இருக்கையின் மென்மையையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ஓரக் கயிற்றின் அடியில் ஈரமான விரல்கள் நுழையுமா என்று ஒருவர்கூட எழுதி நான் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை காற்றில் செய்யும் சோதனையில் அதுவே முதல் கேள்வி. அதன்பின் தெரிந்துகொள்ள வேண்டியது, நிமிர்த்திய படகின் இருக்கைக் குழியில் எவ்வளவு நீர் தங்குகிறது, பம்பால் அதை வெளியேற்றும் நேரத்தில் காற்று நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பது.

பாம்பன் கரைவாசி:

எங்கள் குடும்பம் மீன்பிடித் தொழிலில் இருக்கிறது. கயாக் எனக்குப் பிற்காலத்தில்தான் பழக்கமானது. மேலே எழுதிய யாரும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சுக்கானைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பாக் விரிகுடாவின் கடற்புல் சுக்கானிலும் சுற்றிக்கொள்ளும், ஸ்கெக்கிலும் சுற்றிக்கொள்ளும்; இங்கே இரண்டுக்கும் வேறுபாடில்லை.

மண்டபத்திலும் இராமேசுவரம் தீவிலும் இரண்டு கடல்கள் உண்டு. கச்சான் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து காற்று வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். கச்சான் காலத்தில் கயாக் பழக வருபவர்கள் வடகரையின் தட்டையான நீரைப் பார்த்து அங்கே இறங்குகிறார்கள். அலை இல்லாததற்குக் காரணம், காற்று நிலத்தைக் கடந்து வருவதால் கரையோரத்தில் அலை எழும்பத் தூரம் கிடைப்பதில்லை என்பதுதான். காற்றின் பலம் குறைவதில்லை. வெளியே போகப் போக அலையும் வளரும், திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்றாகவும் இருக்கும். நல்ல கடல் கயாக்கே அமைதியான நீரில் 3, 4 நாட் வேகத்தில்தான் போகிறது. எதிர்க்காற்று 20 நாட்டை நெருங்கினால் அதில் பாதி கிடைப்பதே அரிது. மேலும் அந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படும் படகு 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வகுத்த கடல் எல்லைக்கோட்டை நோக்கியே போகும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தக் கோடு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால் மண்டபம் நண்பரிடம் அன்போடு ஒன்றைச் சொல்கிறேன்: படகின் கம்பியைவிடத் தாங்கள் தேர்ந்த கரை எனக்கு அதிகக் கவலை தருகிறது. புதிய படகை, அதன் குணம் தெரியாத நிலையில், காற்று கரையை நோக்கிச் சாய்ந்து வீசும் இடத்தில், அலை உடையும் பகுதிக்கு வெளியே சோதிப்பதே முறை. படகு செயலிழந்தாலும் காற்றே நம்மைக் கரை சேர்க்கும். அலை உடைவதைத் தாண்டி வெளியே போகத் தெரியாதவர் காற்றுச் சோதனைக்குத் தயாராகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெற்கே இறங்குபவர்கள், களைப்பாற அருகிலுள்ள தீவில் ஏறலாம் என்று திட்டமிட வேண்டாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன, அனுமதியின்றி அவற்றில் காலடி வைக்கக் கூடாது.

விசில் காற்றுக்கு எதிரே கேட்காது என்பதை அவரே எழுதியிருக்கிறார். கைப்பேசியை நீர்புகா உறையில் போட்டு லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளுங்கள். படகில் கட்டினால் கோவளத்துச் சகோதரிக்கு நேர்ந்ததைப்போலப் படகோடு அதுவும் போய்விடும். கடலோரக் காவல் படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் அதில் பதிந்து வையுங்கள். புறப்படும் துறையில் வலை சீர்செய்துகொண்டிருப்பவர் எவரிடமேனும், எந்தத் திசையில் போகிறீர்கள், எந்த நேரத்துக்குள் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தவறினால் முதலில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு வருபவர் அவராகத்தான் இருப்பார்.