வலிப்பு மாத்திரை எடுக்கும் தாய் பால் கொடுக்கலாமா?

கேள்வி (ஏழு மாதக் கர்ப்பிணி):
வணக்கம். பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. லாமோட்ரிஜின் மட்டும் எடுத்து வருகிறேன். கருவுற்ற பிறகு மருத்துவர் அதன் அளவைக் கூட்டியிருக்கிறார். "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது யாராவது மாத்திரையைக் கூட்டுவார்களா?" என்று மாமியார் கலங்குகிறார். பிறந்த பின் தாய்ப்பால் வேண்டாம், புட்டிப்பால் போதும் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும் என்பதால் பயமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (நரம்பியல் பிரிவுச் செவிலியர்):
சகோதரி, கர்ப்பகால ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் லாமோட்ரிஜினை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றுவதால், அதே அளவு மாத்திரை விழுங்கினாலும் இரத்தத்தில் தங்குவது குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டவே அளவைக் கூட்டுகிறார்கள். பிள்ளைக்காக என்று மாத்திரையை நிறுத்தினால், பெரிய வலிப்பு வந்து விழுந்து அடிபடவும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையவும் இடமுண்டு. கர்ப்பத்தில் மிகவும் அஞ்ச வேண்டிய வலிப்பு மருந்து வால்ப்ரோயேட்: அதனால் நூற்றில் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கலும் ஏற்படுகின்றன. அதை எடுப்பவர்களும் தாமாக நிறுத்தாமல், கருவுறும் முன்பே மருத்துவரிடம் மாற்றுக் கேட்க வேண்டும்.

தாராளமாகப் பால் கொடுக்கலாம். மருந்து பாலில் கலப்பது உண்மைதான். ஆனால் கருவில் இருந்தபோது தொப்புள்கொடி வழியாகப் பெற்றதைவிடக் குறைவாகவே அது குழந்தையின் இரத்தத்தில் சேரும். குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, சப்பிக் குடிக்கத் திணறினாலோ, தோலில் தடிப்பு தோன்றினாலோ உடனே காட்டுங்கள்.

வீட்டார் கவனிக்கத் தவறுவது பிரசவத்துக்குப் பின் வரும் நாட்களைத்தான். கல்லீரல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். கூட்டிய அளவையே தொடர்ந்தால் தலைசுற்றல், நடைத் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை வரலாம். எந்த நாளில் எவ்வளவு குறைப்பது என்பதை இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் (வலிப்புள்ள ஒரு தாய்):
தங்கையே, நான் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்ததே இல்லை. தரையில் மெத்தை விரித்து, சுவரில் சாய்ந்து, இருபுறமும் தலையணை வைத்துக்கொள்வேன். துணி மாற்றுவதும் தரையில்தான். தனியாக இருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டவே மாட்டேன். இரவுக்கு முன்பே பாலைப் பீய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், நடுச்சாமத்தில் கணவர் அதை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையால் புகட்டுவார். எனக்குத் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மாமியாருக்கும் ஒரு வேலை உண்டு: வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், முதலில் குழந்தையைத் தூக்கிவிட்டு, பிறகு உங்களை ஒருக்களித்துப் படுக்க வைக்க அவரைப் பழக்குங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. அறுவை சிகிச்சைதான் என்கிறார்களே, அது கட்டாயமா?

பதில் (செவிலியர்):
வலிப்பு இருக்கிறது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம்தான். வலி கண்டு மருத்துவமனைக்குப் போகும் அவசரத்தில் மாத்திரை அட்டையை மறந்துவிடாதீர்கள். பிரசவ அறையிலும் வேளை தவறாமல் அதை விழுங்க வேண்டும்.