கடைசி கோலைத் தாத்தா உள்ளே விடவில்லை (சோஃபியா, 1948)

தெக்கத்திக்காரன்:
பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் மருத்துவம் படித்த காலத்தில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த தாத்தா, அந்த ஊர் கால்பந்து கிளப்பான லெவ்ஸ்கியின் ரசிகர். இரண்டு ஆட்டமாக நடந்த 1948 பல்கேரியச் சாம்பியன் பட்ட இறுதி இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆட்டம் 2-1, லெவ்ஸ்கி ஜெயித்தது. செப்டம்பர் 9 அன்று அடுத்த ஆட்டம். கம்யூனிஸ்டுகள் பக்கம் ஆட்சி மாறி சரியாக நாலு வருஷம் முடிந்த நாள். எதிரணி, மே மாதம்தான் பிறந்த ராணுவ கிளப், பின்னாளின் சி.எஸ்.கே.ஏ.

ஒரு குளிர்கால ராத்திரி. சமையலறை மேசையில் சூரியகாந்தி விதைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அந்த ஆட்டத்தை எனக்குக் காட்டினார். சின்னப் பையனாக மைதானத்தில் இருந்திருக்கிறார். உப்பு ஜாடியும் மிளகு ஜாடியும் கோல் கம்பங்கள். ராணுவ அணி 2-1 என்று முன்னால் நிற்கிறது, இரண்டு ஆட்டமும் சேர்த்தால் 3-3. ஆட்டம் முடியும் தறுவாய். ராணுவ அணியின் சக்மாகோவ் என்று சொல்லி ஒரு விதையை விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். ஜாடிகளுக்கு ஒரு விரற்கடை முன்னால் விரல் நின்றுவிட்டது. விதை அங்கேயே கிடந்தது. அப்புறம் மேசையைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அந்தக் கோலோடு ராணுவ அணி பட்டம் ஜெயித்ததை, 3-1 என்று வாயால் கூடச் சொல்லவில்லை.

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்த விதை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது.

பின்வரிசை:
தாத்தாவின் வலி புரிகிறது. ஆனால் இந்தக் கதையைக் கேட்பவர்கள் உடனே "ராணுவத்து ஆள், அதிகாரத்தில் ஜெயித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. வேலை விஷயமாக அங்கே போனபோது இந்த இரண்டு கிளப்புகளும் மோதும் டெர்பி ஒன்றைப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் ராணுவ கிளப்பின் சிவப்பு மஃப்ளர் கட்டிய ஒரு பெரியவர். ஐம்பதுகளின் அணியை சுப்ரபாதம் மாதிரி ஒப்பித்தார்: நாய்தெனோவ், ரகாரோவ், மனோலோவ், பொஷ்கோவ், மிலானோவ், பனயோதோவ். கோலெவ் பெயர் வந்ததும் நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வார்த்தை இல்லை.

குரும் மிலெவ் என்ற ஒரே பயிற்சியாளர் 1948 முதல் 1964 வரை, 11 பட்டங்கள். 1956-ல் ஐரோப்பியக் கோப்பையில் ருமேனியாவின் டினமோ புக்கரெஸ்டை 8-1 என்று நொறுக்கினார்கள். புக்கரெஸ்ட்காரனுக்கு சோஃபியா ராணுவ அமைச்சகத்தைக் கண்டு என்ன பயம்? ஆட்டம் இருந்தது, ஜெயித்தார்கள்.

நீலச்சட்டை:
ஆட்டம் இல்லை என்று இங்கே யார் சொன்னார்கள்? ஆனால் அந்த அணி எப்படி முதல் டிவிஷனுக்குள் வந்தது என்பதையும் சொல்லுங்கள். சவ்தார் என்ற ராணுவ கிளப்பை, ஏற்கெனவே இடம் வைத்திருந்த செப்டெம்வ்ரியோடு 1948 மே 5 அன்று இணைத்தார்கள். கதவு அப்படித்தான் திறந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயத்துப் பக்கம் இருக்கும் பழம்பொருள் சந்தையில் "ஐம்பதுகளின் லெவ்ஸ்கி பேட்ஜ் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்கார அம்மா டினமோ பேட்ஜ் ஒன்றைக் கையில் வைத்தார். "இதுதான் லெவ்ஸ்கி. என் அப்பா வாங்கினார், ஒரு நாளும் குத்திக்கொள்ளவில்லை" என்றார். பின்பக்கத்து ஊசி வளையாமல் புதுசாகவே இருந்தது.

வாசில் லெவ்ஸ்கி 1873-ல் சோஃபியாவில் தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரர். அந்தப் பெயரையே எடுத்துவிட்டு, 1949-ல் கிளப்பை உள்துறை அமைச்சகத்தின் கீழ் தள்ளி டினமோ ஆக்கினார்கள். 1957-ல்தான் பெயர் திரும்பி வந்தது.

குன்னூர்க்காரன்:
என் தாத்தா வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் இருந்தவர். தங்கராஜ் அங்கே கோல்கீப்பராக நின்ற காலம். 1955 துராந்த் கோப்பை ஜெயித்த அணி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியில் தங்கராஜும் போனார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நம்மை 3-0 என்று வீழ்த்தியது பல்கேரியா. மிலானோவ் இரண்டு, தியெவ் ஒன்று. மேலே ஒப்பித்த பெயர்களில் பலரும் அந்த அணியில் இருந்தவர்கள்தான். தாத்தா கடைசிவரை மிலானோவ் என்ற பெயரை "மில்லானா" என்றே சொல்வார். சொல்லும்போதெல்லாம் இடது கை தானாக மூடிக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
நான் ஒரு தடவைதான் ஏமாந்தேன். 1950 பட்டியலில் லெவ்ஸ்கியைத் தேடித் தேடி, கிளப்பையே மூடிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். டினமோ என்ற பெயரில் பட்டத்தை ஜெயித்ததே அவர்கள்தான்! அதனால் பழைய சீசன்களைத் தேடுபவர்களுக்குச் சில விஷயங்கள். சி.எஸ்.கே.ஏ. என்று தேடாதீர்கள். 1948-ல் அது செப்டெம்வ்ரி, அப்புறம் நரோத்னா வோய்ஸ்கா, பிறகு சி.டி.என்.வி., 1953-ல் சோஃபியா காவல்படை அணி, 1954 முதல் சி.டி.என்.ஏ. சோஃபியாவின் இன்னொரு கிளப்பான ஸ்லாவியாவைத் தேடினால் ஸ்த்ரோயித்தெல் என்றும் உதார்னிக் என்றும் வரும். 1948 பட்டம் நாக்-அவுட் முறை, லீக் பட்டியலே கிடையாது. 10 அணிகளின் லீக் அதற்குப் பிறகுதான். ஐம்பதுகளில் சோவியத் பாணியில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிப்பார்கள். 1958-ல் இலையுதிர் காலத்தில் தொடங்கும் பழைய முறைக்குத் திரும்ப ஒரு குட்டி சீசன் நடந்தது, அதையும் ஒரு பட்டமாகவே எண்ண வேண்டும். அதைச் சேர்க்காவிட்டால் 1954 முதல் 1962 வரை சி.டி.என்.ஏ. வரிசையாக ஜெயித்த 9 பட்டங்கள் உங்கள் கணக்கில் 8 ஆகிவிடும். முதலில் ஊரை வைத்துத் தேடுங்கள், அப்புறம் ஆட்டக்காரர் பெயரை வைத்து. கிளப் பெயரைக் கடைசியில் பாருங்கள்.

தெக்கத்திக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நீலச்சட்டை, என் தாத்தாவும் டினமோ என்ற பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த வருஷமே, 1949 சோவியத் ராணுவக் கோப்பை (பல்கேரியக் கோப்பைக்கு அப்போது அந்தப் பெயர்) இறுதியில் இதே இரண்டு அணிகள் மோதின. 1-1, மறு ஆட்டம் 2-2, மூன்றாவது ஆட்டத்தில் லெவ்ஸ்கி 2-1. மேசை இருந்தது, விதை இருந்தது, தாத்தாவும் இருந்தார். இதைக் காட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லை.